ஏற்கெனவே மீட்கப்பட்டவர்

எங்கள் அலுவலகத்துக்கு வர மூன்று மாடி ஏற வேண்டும். வருகிறவர்கள் அத்தனை பேரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். லிஃப்ட் இருக்கிறது. அதன் கதவில் ‘பழுது பார்க்கப்படுகிறது’ என்று ஒரு அட்டையும் தொங்குகிறது. நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. இதற்குள் அந்த அட்டையை இரண்டு முறை புதுசாக எழுதி மாட்டியிருக்கிறோம்.

அலுவலகத்தின் பெயர் முதியோர் ஆபத்துக்கால ஆயத்த அலுவலகம். வெள்ளமோ தீயோ எது வந்தாலும் வயதானவர்கள் தடுமாறாமல் இருக்க அவர்களை முன்கூட்டியே தயார் செய்வது எங்கள் கடமை. மூன்று மாடி ஏறி வர முடியாதவர்களை ‘ஆர்வம் காட்டாதோர்’ என்ற பட்டியலில் சேர்த்துவிடுவோம். அந்தப் பட்டியல்தான் எங்களிடம் இருப்பதிலேயே நீளமானது.

பட்டியல் அடிப்பது நான். என்னை எல்லாரும் டைப்பிஸ்ட் அம்மா என்பார்கள். தேநீர் கொண்டுவரும் அலுவலக உதவியாளரை ஒல்லி என்பார்கள். ஐம்பத்தெட்டு வயது, நாற்பத்தாறு கிலோ. எங்கள் இருவருக்கும் மேலே ஆயத்த அலுவலர். அவரை நேரில் சார் என்போம், இல்லாதபோது ஆயத்தம் என்போம். அவர் மேஜைக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் ஒரு தீயணைப்பான் பளபளவென்று இருக்கிறது. யாரும் எடுத்துவிடக் கூடாது என்று அலமாரியைப் பூட்டி, சாவியை அவர் வீட்டில் வைத்திருக்கிறார்.

கண்டக்டர் முதன்முதலாக வந்தது வெயில் காலத்தில். முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர், எழுபத்திரண்டு வயது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து எழுந்து வந்து சேர்ந்தார். வந்ததும் நாற்காலியைத் தேடவில்லை. திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தார். பின்னால் யாராவது ஏறி வருகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தார். சட்டைப் பையில் கயிறு கட்டிய பழைய விசில் ஒன்று எட்டிப் பார்த்தது.

“என்ன விஷயம் பெரியவரே?” என்றார் ஆயத்தம்.

“கால்வாய் ஓரமா வீடு சார். தரைத்தளம். வீட்டம்மாவுக்கு இடது பக்கம் விளங்காமப் போய் நாலு வருஷமாச்சு. போன மழைக்குத் தண்ணி வாசப்படி வரைக்கும் வந்து நின்னுச்சு. இந்தத் தடவை உள்ள வந்துடும். மேல ஒரு ரூம் காலியா இருக்கு, வீட்டு ஓனர் சாவி குடுத்திருக்கார். நாற்காலியில உட்கார வெச்சு ஏத்திடலாம். ஒரு பக்கம் நான் பிடிச்சுக்குவேன். மறுபக்கம் பிடிக்க ஒரு ஆள் வேணும். அவ்வளவுதான்.”

“இப்பவே மேல குடி போயிடலாமே?”

“மேல பாத்ரூம் இல்ல சார்.”

“பிள்ளைங்க?”

“பொண்ணு வெளிநாட்டுல. தினமும் வீடியோல வருவா. வீடியோல தூக்க முடியாதே.”

“அக்கம்பக்கம்?”

“ஒரு பக்கம் லேத் பட்டறை. மழைன்னா பூட்டிட்டுப் போயிடுவாங்க. இன்னொரு பக்கம் எங்களைவிட வயசான ரெண்டு பேர். அவங்களைத் தூக்கவே நாலு பேர் வேணும்.”

இவ்வளவுதான் அவர் கேட்டது. மறுபக்கம் பிடிக்க ஒரு ஆள். நான் தட்டச்சுப் பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆயத்தம் சட்டைப் பையில் இருந்த மூன்று பேனாக்களில் ஒன்றை உருவினார். மூடியைக் கழற்றினார். பிறகு மாட்டினார். பேசப் போகிறார் என்று அர்த்தம்.

“பெரியவரே, நீங்க ஆபத்தைப் பத்தி மட்டும் யோசிக்கறீங்க. நாங்க ஆயத்தத்தைப் பத்தி யோசிக்கறோம். ஆபத்து ஒரு நாள் வரும், போயிடும். ஆயத்தம் வருஷம் பூரா இருக்கும். உங்களுக்கு ஒரு ஆள் குடுத்தா ஒருத்தருக்குத்தான் உதவினதா ஆகும். ஒரு படிவம் குடுத்தா எல்லாருக்கும் உதவினதா ஆகும்.”

கண்டக்டர் தலையை ஆட்டினார். புரியாதபோது தலையை ஆட்டுவது அந்தத் தலைமுறையின் மரியாதை.

நான்காம் எண் படிவத்தைக் கொடுத்தோம். பதினொன்றாவது கேள்வி, ‘ஆபத்து நேரத்தில் தங்களுக்கு உதவக்கூடிய நபரின் பெயர்’. கண்டக்டர் அதிலேயே அரை மணி நேரம் நின்றார். “இதைக் கேட்கத்தான் சார் நானே வந்தேன்” என்றார். காலியாக விட்டால் நிராகரிக்கப்படும் என்றோம். யோசித்து, ‘நீங்கள்’ என்று எழுதினார். ஆயத்தத்துக்கு முகம் சிவந்துவிட்டது. “அலுவலகம் எப்படிங்க ஒரு நபர் ஆகும்?” என்று அதைச் சுழித்து, நிராகரிக்கப்பட்ட படிவங்களின் கட்டுக்குள் போட்டார். ஆனாலும் மூன்று மாடி ஏறி வந்த ஆர்வத்தைப் பாராட்டி ஆபத்துக்காலப் பை ஒன்று கொடுக்கச் சொன்னார்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிவப்பு நிறம். உள்ளே டார்ச், விசில், தண்ணீர் பாட்டில், கண் தெரியாதவர்களுக்காகப் பொடி எழுத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கக் கையேடு. பயனாளி தன் ஒரு வார மாத்திரையையும் அதில் போட வேண்டும். போட்டதும் நாங்கள் அரக்கு வைத்து முத்திரை குத்திவிடுவோம். ஆபத்து என்று அலுவலகம் அறிவித்த பிறகுதான் பையைத் திறக்கலாம். மாதம் ஒருமுறை எங்கள் ஆள் வீட்டுக்கு வந்து முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். உடைந்திருந்தால் அந்த வீடு ஆயத்தம் இல்லாத வீடு.

“மாத்திரை கெட்டுப் போயிடாதா?” என்று கண்டக்டர் கேட்டார்.

“முத்திரை கெடாது” என்றார் ஆயத்தம்.

வெள்ளத்தில் நனையாமல் இருக்கப் பையைப் பரணில்தான் வைக்க வேண்டும் என்பது கையேட்டின் ஒன்பதாம் பக்கம். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் ஸ்டூலில் ஏறக் கூடாது என்பது முப்பத்தொன்றாம் பக்கம். இரண்டையும் அடித்தது நான்தான். அடிக்கும்போது விரல் ஒரு கணம் நின்றது. நின்றுவிட்டு மேலே போய்விட்டது. என் விரல்களை நான் நன்றாகவே பழக்கி வைத்திருந்தேன்.

அடுத்த மாதம் பயிற்சி முகாம். காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லி, பேச வேண்டியவர் பன்னிரண்டரைக்கு வந்தார். தலைப்பு, ‘நெருக்கடியில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்’. காத்திருந்ததில் இரண்டு பெரியவர்கள் மயங்கி விழுந்தார்கள். ஆயத்தம் பதறவில்லை. மயக்கம் வந்தால் என்ன செய்வது என்பதும் அன்றைய பாடத்தில் இருந்ததால், அதை நடத்தி முடித்ததாக எழுதிக்கொள்ளச் சொன்னார். கேள்வி நேரத்தில் கண்டக்டர் எழுந்தார். “மறுபக்கம் யாரு சார் பிடிப்பா?” என்றார். பேச வந்தவர் அதை அருமையான கேள்வி என்று பாராட்டி, கைதட்டச் சொன்னார். எல்லாரும் தட்டினோம். கண்டக்டர் கைதட்டல் ஓய்ந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தார். பதில் வரும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

மழை நெருங்க நெருங்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் போன் செய்வார். “வானம் பார்த்தீங்களாம்மா? மேற்கால கட்டுது” என்பார். நான் ஜன்னலை எட்டிப் பார்ப்பேன், ஆமாம் என்பேன். என்னால் முடிந்த உதவி அதுதான் என்று அப்போது நம்பினேன். கடைசியில் அவர் தொல்லை பொறுக்காமல், ஒத்திகையை அவர் வீட்டிலேயே வைத்துவிடலாம் என்று ஆயத்தம் முடிவு செய்தார்.

பதினேழாம் தேதி, பகல் பதினொரு மணி, மண்டையைப் பிளக்கிற வெயில். லாரியில் ரப்பர் படகு வந்தது. சந்துக்குள் நுழையாததால் தெருமுனையிலேயே நின்றது, இரண்டு தொண்டர்கள் துடுப்போடு அதில் உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் நான்கு தொண்டர்கள் ஆரஞ்சு கோட்டு போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தார்கள். கூடவே போட்டோக்காரர். ஒரு ஹால், ஒரு அறை உள்ள வீட்டுக்குள் ஆயத்தம் ஒலிபெருக்கியில் பேசினார்.

கண்டக்டர் வீட்டம்மா ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். நல்ல உடல்வாகு. இடது கை மடியில் கிடந்தது. வாய் மட்டும் எந்தப் பக்கமும் விளங்காமல் போகவில்லை. தொண்டர்களின் தலைவர் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார், கட்டிலைச் சுற்றி வந்து பார்த்தார்.

“என்னப்பா, பழைய பீரோவைப் பார்க்கற மாதிரி பார்க்கறே?” என்றார் வீட்டம்மா.

தலைவர் எங்கள் சாரின் காதில் ஏதோ சொன்னார். ஒத்திகையில் எழுபது கிலோவுக்கு மேற்பட்டவரைத் தூக்கினால் தொண்டருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும் அபாயம் உண்டு என்பது கையேட்டிலேயே இருக்கிறதாம். ஆயத்தம் அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் கண் ஒல்லியின் மேல் விழுந்தது.

ஒல்லிக்கு வீட்டம்மாவின் சால்வையைப் போர்த்தினார்கள். மர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இடது கையைத் தொங்கவிடச் சொன்னார்கள். முனகச் சொன்னார்கள். அவர் வஞ்சனையில்லாமல் முனகினார். நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், போட்டோக்காரர் முன்னால் பின்னோக்கி ஓடினார். படகில் ஏற்றி, குளுக்கோஸ் கொடுத்து, ரத்த அழுத்தம் பார்த்தார்கள். கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அதை வீட்டம்மாவின் மருத்துவக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

வீட்டம்மா கட்டிலில் இருந்தபடியே எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தார். பிறகு கணவரைக் கூப்பிட்டார்.

“ஏங்க, என்னைத் தூக்கிட்டுப் போனாங்களே, திரும்பக் கொண்டுவந்து விடுவாங்களா, இல்ல நான் அங்கயே இருந்துக்கணுமா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டம்மாவும் சிரித்தார். கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலி இருந்த காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை நான் பதிவேட்டைக் கணினியில் ஏற்ற வேண்டியிருந்தது. வீட்டம்மாவின் பெயருக்கு எதிரே இரண்டே பெட்டிகள். ஒன்று ‘மீட்கப்பட்டார்’. மற்றது ‘ஒத்துழைக்கவில்லை’. அந்த மனுஷியை ஒத்துழைக்கவில்லை என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. இருப்பதில் நல்ல பெட்டியாகப் பார்த்துத் தட்டினேன். அன்பாகத்தான் செய்தேன், சத்தியமாக.

மூன்று வாரம் கழித்து மழை பிடித்தது. மீட்கப்பட வேண்டியோர் முன்னுரிமைப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். போர்டும் மூன்றாவது மாடியில்தான். கண்டக்டர் குடையோடு ஏறி வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, மேலிருந்து கீழ் வரை விரல் வைத்துப் படித்தார். பிறகு கீழிருந்து மேல் வரை படித்தார்.

“சார், இதுல அவ பேரு இல்லையே?”

ஆயத்தம் கோப்பைப் புரட்டினார். “அம்மா மீட்கப்பட்டாச்சு. பதினேழாம் தேதி. போட்டோகூட இருக்கு, பாருங்க.”

“அது இவரு சார்.” தேநீரோடு உள்ளே வந்த ஒல்லியைக் கண்டக்டர் காட்டினார். ஒல்லி தர்மசங்கடமாக நெளிந்தார்.

“இவர் யாருன்னு ஃபைல்ல இல்ல. ஃபைல்ல இருக்கறது உங்க வீட்டம்மா.”

“அவ வீட்டுலதான் சார் இருக்கா. கட்டில்ல இருக்கா.”

“அதைத்தான் நானும் சொல்றேன். பத்திரமா இருக்காங்க. மீட்கப்பட்டவங்களை மறுபடி மீட்டா, முதல் தடவை ஒழுங்கா மீட்கலைன்னு அர்த்தம் ஆயிடும். எங்க வட்டத்துல நூறு சதவீதம் வரப்போகுது பெரியவரே. முழு மீட்பு விருது. அதுல உங்க வீட்டம்மாவுக்கும் பங்கு இருக்கு, சந்தோஷப்படுங்க.”

“இந்த மீட்பை அழிக்க வழி இல்லையா?”

“ஏன் இல்ல? மீட்பு ரத்து விண்ணப்பம் இருக்கு. மீட்கப்பட்டவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்.”

“எங்க?”

“இங்கதான்.”

“படியேறி வர முடிஞ்சா நான் ஏன் சார் இங்க வந்து நிக்கறேன்?”

“அப்படி ஏறி வந்துட்டாங்கன்னா, அவங்களை மீட்கவே தேவையில்லையே!” என்றார் ஆயத்தம். தன் தர்க்கம் தனக்கே பிடித்துப் போய், தேநீரை ஒரு வாய் குடித்தார்.

கண்டக்டர் வெளியே வந்து என் மேஜைக்கு எதிரே நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“நீயாம்மா அதை அடிச்சே?”

“ஆமாங்க. ரெண்டே பெட்டிதான் இருந்துச்சு. நல்லதா இருக்கட்டுமேன்னு...”

“ரெண்டு பெட்டியிலயும் அவ இல்லையேம்மா” என்றார்.  படிக்கட்டுக்குப் போய், இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு, கடைசி ஆளாக இறங்கினார். எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போயும் அது போகவில்லை. சோறு இறங்கவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், இறங்கியது. ஆனால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே சாப்பிட்டேன்.

மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு எங்கள் கூட்ட அரங்கில் முழு மீட்பு விருது விழா. விருது கொடுக்க வேண்டியவர் வெள்ளத்தால் வர முடியவில்லை. அவர் நாற்காலியைக் காலியாக வைத்தே விழாவை ஆரம்பித்துவிட்டார்கள். ரப்பர் படகையும் அழகுக்காக மேலே கொண்டுவந்து, அரங்கிலேயே காற்றடித்து வைத்திருந்தார்கள். ஆரஞ்சு கோட்டுத் தொண்டர்கள் முதல் வரிசையில்.

உதவி எண் என் மேஜையில் இருந்தது. பத்தரைக்கு அடித்தது. எடுத்ததும், பழக்க தோஷம், “பை நம்பர் சொல்லுங்க” என்றேன்.

“பை பரண்ல இருக்கும்மா” என்றது கண்டக்டரின் குரல். “அவ கட்டில்ல இருக்கா. தண்ணி கட்டில் சட்டத்தைத் தொட்டுடுச்சு. நான் ஒரு பக்கம் பிடிச்சுப் பார்த்தேன். சாயுது. மறுபக்கம்...”

லைன் போய்விட்டது.

அரங்குக்குள் ஓடினேன். ஆயத்தம் ஒலிபெருக்கியில் உச்சத்தில் இருந்தார். “இந்த நிமிடம், நம் வட்டத்தில் மீட்கப்பட வேண்டிய முதியோரின் எண்ணிக்கை பூஜ்யம் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்!” கைதட்டல். நான் அவர் காதருகே போய் விஷயத்தைச் சொன்னேன். ஒலிபெருக்கி என் குரலையும் சேர்த்து அரங்கம் முழுக்கச் சொன்னது. 

“டைப்பிஸ்ட் அம்மா,” என்றார் ஆயத்தம், சிரித்த முகம் மாறாமல், “பூஜ்யம்னு இப்பத்தானே சொன்னேன்?”

“படகையாவது குடுங்க சார்.”

“காத்தடிச்ச படகு வாசல்ல நுழையாது. காத்தை இறக்கணும்னா ஸ்டோர் அனுமதி வேணும். விழா முடியட்டும்.”

தொண்டர்களைப் பார்த்தேன். அவர்கள் சாரைப் பார்த்தார்கள். சார் காலி நாற்காலியைப் பார்த்தார். இதற்குமேல் அங்கே நின்றால் நான் யாரையாவது அடித்துவிடுவேன் என்று தோன்றியது. என் வாழ்க்கையில் நான் யாரையும் அடித்ததில்லை, கீபோர்டைத் தவிர. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். இரண்டாவது மாடியில் பின்னால் காலடிச் சத்தம். ஒல்லி. தேநீர்த் தட்டை எங்கோ வைத்துவிட்டு வந்திருந்தார்.

“நானும் வர்றேன்மா. என்னைத்தானே காப்பாத்தினாங்க, அவங்களை இல்லையே” என்றார்.

ஏழு நிமிஷ நடை. அரை மணி நேரம் ஆனது. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். லேத் பட்டறையின் ஷட்டர் கால்வாசி முழுகியிருந்தது. சந்து திரும்பும்போதே விசில் சத்தம் கேட்டது. அலுவலக விசில் இல்லை, அது பரணில் முத்திரைக்குள் பத்திரமாக இருந்தது. இது கண்டக்டரின் பழைய விசில். நிறுத்து, நிறுத்து என்று ஒற்றை ஒற்றையாக ஊதிக்கொண்டே இருந்தார். அது நிற்காத வரைக்கும் பயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தண்ணீரைத் தள்ளினேன்.

உள்ளே மெத்தை ஊறிப் போயிருந்தது. வீட்டம்மா வலது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கண்டக்டர் தொடையளவுத் தண்ணீரில் மர நாற்காலி மிதந்து போகாமல் காலால் மிதித்துக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தார். 

வீட்டம்மாதான் பேசினார். “பையை மட்டும் எடுத்துடாதீங்க. முத்திரை போயிடும்.”

நான் நாற்காலியின் சாய்மானத்தைப் பிடிக்கப் போனேன். “அங்க வேண்டாம்மா!” என்று ஒல்லி கத்தினார். “அன்னைக்கு அப்படித்தான் பிடிச்சாங்க, ரெண்டு தடவை பின்னால கவுந்திருப்பேன். உட்கார்ற பலகைக்கு அடியில கையைக் குடுங்க. நான் முன்னால கால் பக்கம் பிடிக்கறேன். அவங்க முதுகு உங்க ரெண்டு பேர் தோள்லயும் சாயட்டும்.” எங்கள் அலுவலகத்தின் அத்தனை ஆயத்தத்திலும் உருப்படியாக ஏதாவது கற்றுக்கொண்ட ஒரே ஆள் அவர்தான், தூக்கப்பட்டவர்.

ஒரு பக்கம் கண்டக்டர். மறுபக்கம் நான்.

வெளிப்படிக்கட்டு. பதினாறு படி. கண்டக்டர் பஸ்ஸில் போலவே ஒவ்வொரு படிக்கும் “ஹோல்டான்” என்று நிறுத்தினார், பிறகு “ரைட்” என்றார். ஒன்பதாவது படியில் என் விரல் வழுக்கியது. நாற்காலி என் பக்கமாகச் சரிந்தது. வீட்டம்மாவின் விளங்காத கை என் கழுத்தில் வந்து விழுந்தது, ஈரமாக, கனமாக. விட்டுவிடுவேன் என்றே நினைத்தேன். நான் அடித்த அத்தனை பட்டியலிலும் ஒரு பெயர் இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. 

“விட்டுடாதேம்மா,” என்றார் வீட்டம்மா என் காதருகே, பல்லைக் கடித்துக்கொண்டு. “மறுபடி முதல்லேர்ந்து ஃபாரம் எழுதணும்.”

சிரித்ததில் கொஞ்சம் பலம் வந்தது. ஏறிவிட்டோம்.

மேலே அவரை உலர்ந்த பாயில் கிடத்திப் போர்த்திய பிறகும் கண்டக்டர் உள்ளே வரவில்லை. படியின் தலைமாட்டில் நின்று கீழே எட்டிப் பார்த்தார். பிறகு திரும்பி எங்களை விரல் நீட்டி எண்ணினார். ஒல்லி, நான், வீட்டம்மா. கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டு நாலு என்றார். விசிலை எடுத்து, போகலாம் என்று இரண்டு முறை ஊதினார். அப்புறம்தான் உட்கார்ந்தார், உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

தண்ணீர் வடிய ஆறு நாள் ஆனது. ஏழாம் நாள் ஆயத்தம் என்னைக் கூப்பிட்டார். அறிக்கை அவர் முன்னால் கிடந்தது. விழாவுக்கு நடுவில் ஓடியதற்காகத் திட்டுவார் என்று நினைத்தேன். அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

“மொத்த முதியோர் நூத்திப் பன்னிரண்டு. மீட்கப்பட்டவங்க நூத்திப் பதிமூணு. எப்படிம்மா இது?”

“கண்டக்டர் வீட்டம்மா ரெண்டு தடவை சார். வெள்ளத்தன்னைக்கு நான் ஒண்ணு ஏத்தினேன்.”

“ஒரு ஆளை ரெண்டு தடவை மீட்க முடியாது. ஒண்ணை எடுத்துடுங்க. ரெண்டாவது. அதுக்குப் போட்டோ இல்ல, கோட்டு இல்ல, அனுமதி இல்ல.”

என் மேஜைக்கு வந்தேன். எந்தப் பதிவை நீக்க என்று கணினி கேட்டது. பதினேழாம் தேதியை நீக்கினேன். எண்ணிக்கை நூற்றுப் பன்னிரண்டு ஆகிவிட்டது. கணக்கு சரியாகிவிட்டதால், எதை எடுத்தேன் என்று ஆயத்தம் பார்க்கவில்லை.

கையோடு நிராகரிக்கப்பட்ட படிவக் கட்டைப் பிரித்தேன். கண்டக்டரின் நான்காம் எண் படிவம் அடியில் கிடந்தது. மழை இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. வீட்டம்மா மறுபடி தரைத்தளத்துக்கு வந்துவிட்டார், மேலே பாத்ரூம் இல்லை. பதினொன்றாவது கேள்விக்கு எதிரே ‘நீங்கள்’ என்பதை ஆயத்தம் சுழித்திருந்தார். அதன் பக்கத்தில் என் பெயரை எழுதினேன், முழுப் பெயர், தகப்பனார் பெயரோடு. அதற்குக் கீழே ஒல்லியைக் கேட்டு அவர் பெயரையும் எழுதினேன். கையெழுத்துக்கு உள்ளே அனுப்பினேன்.

மாலை நாலரைக்குப் படிவம் திரும்பி வந்தது. ஓரத்தில் ஆயத்தத்தின் பச்சை மையில் குறிப்பு: ‘மேற்கண்ட இரு நபர்கள் யார் என்று தெரியவில்லை. விசாரித்து அறிக்கை தரவும். நடவடிக்கை: டைப்பிஸ்ட்.’

இரண்டு தரம் படித்தேன். வெளியே மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது, காற்றில் ஜன்னல் அடித்துக்கொண்டது. போன் அடித்தது. எடுத்தேன், பை நம்பர் கேட்கவில்லை.

“வானம் பார்த்தியாம்மா?” என்றார் கண்டக்டர்.

“பார்த்தேன். ஹோல்டான் பண்ணுங்க, வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு, விசாரணையை மேஜையிலேயே வைத்துவிட்டு, ஒல்லியைக் கூப்பிட்டுக்கொண்டு படியிறங்கினேன்.